ஆளில்லாக் குடிலில் பனிக்காலம்

நார்வே மலைகளில் வீட்டுக்காரர் இல்லாத வீடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சாவியைப் போட்டுத் திறந்தால் உள்ளே அடுப்பும் விறகும் இருக்கும். மெத்தை, போர்வை, பாத்திரம், மெழுகுவத்தி இருக்கும். பல இடங்களில் சூப்புப் பொட்டலமும் ஓட்ஸும் தகர டப்பாவில் அடைத்த இறைச்சியும்கூட இருக்கும். பணம் வாங்க ஆள் கிடையாது. காவலுக்கும் ஆள் கிடையாது. இந்த ஏற்பாடு பல தலைமுறைகளாக நிலைத்திருப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: தங்கியவர்கள் தமக்குப் பின்னால் வரப்போகிறவரை நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கோடையில் இந்த நினைப்பு தவறினால் அடுத்து வருபவருக்கு எரிச்சல், அவ்வளவுதான். பனிக்காலத்தில் தவறினால் அது உயிர் விஷயம். இருட்டில், ஊதக்காற்றில், விரல் மரத்துப்போய் வந்து சேருகிறவருக்கு அடுப்புப் பக்கத்தில் காய்ந்த சிராய் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அந்த இரவு அமையும். இங்கே சொல்லப்போகும் வேலைகளில் பாதி உங்களுக்காக; மறுபாதி முகம் தெரியாத அந்த ஆளுக்காக.

சாவியும் கணக்கும்

டி.என்.டி. என்று எல்லோரும் அழைக்கும் நார்வே மலைப்பயணச் சங்கம் 1868இல் தொடங்கியது. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடில்கள் அதன் கிளைச் சங்கங்களின் பொறுப்பில் இருக்கின்றன. இவை மூன்று வகை. முதல் வகையில் ஆட்கள் இருப்பார்கள், சமைத்துப் போடுவார்கள், படுக்கை விரித்துத் தருவார்கள். இரண்டாம் வகையில் ஆள் இல்லை. ஆனால் அடுப்பு, விறகு, எரிவாயு, படுக்கையோடு ஒரு சரக்கறையும் உண்டு. வேண்டியதை எடுத்துச் சமைத்துக்கொண்டு கணக்கு எழுத வேண்டியது. மூன்றாம் வகையில் சரக்கறை இருக்காது, மற்றவை இருக்கும். பின்னிரண்டு வகைகளைத்தான் இங்கே பார்க்கிறோம்.

இந்தக் குடில்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே மாதிரிச் சாவிதான். உறுப்பினராகச் சேர்ந்து, முன்பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். சங்கத்தின் நகர அலுவலகங்களிலும் ஆள் இருக்கும் சில குடில்களிலும் கிடைக்கும். எல்லாக் குடிலும் இந்தச் சாவிக்குத் திறக்கும் என்று நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். வேறு பூட்டுப் போட்டவையும் உண்டு, பூட்டே இல்லாதவையும் உண்டு. போகும் பாதையில் உள்ள ஒவ்வொரு குடிலைப் பற்றியும் சங்கத்தின் இணையதளத்தில் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தப் பருவத்தில் திறந்திருக்கிறதா, சரக்கறை இருக்கிறதா, எத்தனை படுக்கை என்பதெல்லாம் அங்கே இருக்கும். காட்டு மான் கூட்டங்கள் கன்று ஈனும் காலத்தில், ஹார்டாங்கர்விட்டா போன்ற பீடபூமிகளில் சில குடில்களை வசந்தத்தில் சில வாரங்கள் மூடிவிடுவார்கள்.

தங்கிய கட்டணத்தையும் எடுத்த உணவின் விலையையும் நீங்களே கூட்டி எழுதவேண்டும். முன்பு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுவரில் உள்ள இரும்புப் பெட்டிக்குள் போடுவார்கள். இப்போது அதற்குச் செயலி வந்துவிட்டது. மலையில் இணையம் இருக்காது என்பதால் வீடு திரும்பியதும் கட்டலாம். ஒரு பொட்டலம் சூப்பு எடுத்தாலும் அதைக் கணக்கில் எழுதுங்கள். யாரும் சரிபார்க்கப் போவதில்லை என்பதாலேயே எழுதுங்கள்.

எப்போது போகலாம்

முதன்முறை போகிறவர்களுக்கு என் உறுதியான கருத்து: டிசம்பரிலும் ஜனவரியிலும் போகாதீர்கள். தென் நார்வேயிலேயே அப்போது பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். வடதுருவ வட்டத்துக்கு மேலே சூரியன் உதிப்பதே இல்லாத வாரங்கள் உண்டு. பனி இறுகாமல் மாவு போல இருப்பதால் ஸ்கீ புதையும். தடத்தை நீங்களே வெட்டிப் போகவேண்டியிருக்கும். மார்ச் வந்தால் பகலும் இரவும் சமமாகிவிடும், பனியும் இறுகியிருக்கும். முக்கியமாக, அந்தச் சமயத்தில்தான் பாதைகளுக்குக் குறி நட்டிருப்பார்கள். பிப்ரவரி பிற்பகுதி தொடங்கி ஈஸ்டர் வரை, முக்கியமான குடில்களுக்கிடையே பனியில் வரிசையாகக் குச்சி நடுவது சங்கத்துத் தொண்டர்களின் வேலை. வெண்மையைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாத நாளில் ஒரு குச்சியிலிருந்து அடுத்த குச்சியைக் கண்டுபிடித்துப் போவதுதான் வழி. கோடையில் பாறைகளில் தெரியும் சிவப்பு ‘டி’ எழுத்துக் குறிகள் பனியடியில் போயிருக்கும். அவற்றை நம்ப முடியாது. கோடைப் பாதையும் பனிக்காலப் பாதையும் பல இடங்களில் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள். கோடையில் சுற்றிப்போகும் ஏரியைப் பனிக்காலத்தில் குறுக்கே கடப்பார்கள். கோடையில் ஏறும் சரிவை, பனிச்சரிவு பயத்தால் பனிக்காலத்தில் விலக்குவார்கள்.

ஈஸ்டர் வாரத்தில் நாடே மலைக்குப் போகும். குடில்கள் நிரம்பி வழியும். ஆனால் படுக்கை தீர்ந்துவிட்டது என்று யாரையும் வெளியே அனுப்புவதில்லை. தரையில் மெத்தை போட்டாவது இடம் கொடுப்பார்கள். நீங்கள் முதலில் வந்தவராக இருந்தால், பிறகு வருகிறவர்களுக்கு ஒதுங்கி இடம் விடுவது உங்கள் கடமை.

தொடக்கத்துக்கு ஃபின்செ நல்ல இடம். ஒஸ்லோவையும் பேர்கனையும் இணைக்கும் ரயில் பாதை 1909இல் திறக்கப்பட்டது. அதில் 1222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்செதான் நார்வே ரயில் நிலையங்களிலேயே உயரமானது. அந்த ஊருக்கு வண்டிச் சாலை கிடையாது. ரயிலை விட்டு இறங்கினால் நேரே பனியில்தான் கால் வைப்பீர்கள். ஆள் இருக்கும் பெரிய குடில் அங்கேயே உண்டு. முதல் இரவை அதில் கழித்து, வானிலையையும் பாதையையும் அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டு, மறுநாள் ஒரு நாள் தூரத்தில் உள்ள ஆளில்லாக் குடிலுக்குப் போய்த் திரும்பலாம். பழக்கமில்லாதவர்கள் நாலைந்து குடில்களைக் கோத்துப் பெரிய பயணம் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டு குடில்களுக்கு நடுவே

ஆபத்து குடிலில் இல்லை, குடிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. பிற்காலத்தில் தென்துருவத்தை முதலில் எட்டிய ருவால் அமுண்ட்சென், 1896 ஜனவரியில் தன் அண்ணன் லியோனோடு ஹார்டாங்கர்விட்டாவை ஸ்கீயில் கடக்கக் கிளம்பினார். வழி தவறி, உணவு தீர்ந்து, வெட்டவெளியில் பனியைக் குடைந்து அதற்குள் படுத்தார். இரவில் அந்தப் பனி இறுகி உறைந்துபோக, உள்ளே அசைய முடியாமல் சிக்கிக்கொண்டார். லியோன் தோண்டி எடுத்திராவிட்டால் துருவப் பயணங்களின் வரலாறே வேறாகியிருக்கும். இத்தனையும் ஒஸ்லோவிலிருந்து இன்று சில மணி நேர ரயில் தூரத்தில் நடந்தது.

அந்தப் பீடபூமி இன்றும் மாறவில்லை. மரமில்லை, மறைவில்லை. வெப்பநிலை மைனஸ் 10 என்று வானிலை அறிக்கை சொல்லும். அதோடு நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்றும் சேர்ந்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 22 போல உறைக்கும். அதனால் அறிக்கையில் வெப்பநிலையைப் பார்ப்பதற்கு முன் காற்றின் வேகத்தைப் பாருங்கள். நார்வே வானிலை நிறுவனமும் நாட்டு வானொலியும் சேர்ந்து நடத்தும் ‘இர்’ என்ற சேவை மணிக்கு மணி விவரம் தரும். பனிச்சரிவு எச்சரிக்கைக்கு ‘வார்சொம்’ இருக்கிறது. 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகளில்தான் பனி பெயர்ந்து விழும். ஆனால் விழுந்த பனி சரிவின் உயரத்தைப்போல மூன்று மடங்கு தூரம் வரை ஓடிவரக்கூடும். சமதளத்தில்தானே போகிறோம் என்ற நினைப்பு போதாது, பக்கத்தில் நிற்கும் மலையையும் அண்ணாந்து பார்க்கவேண்டும்.

முதுகுப் பையைக் கட்டும்போது குடிலை அடையவே மாட்டோம் என்று நினைத்துக் கட்டுங்கள். தூக்கப் பை, தரை விரிப்பு, இரண்டு மூன்று பேர் நுழைந்து உட்காரக்கூடிய காற்றுத் தடுப்புப் பை, பனி வாரும் ஷவல், தலைவிளக்கு, மாற்று பேட்டரி, காகித வரைபடம், திசைகாட்டி, ஒரு நாளுக்குக் கூடுதலான உணவு ஆகியவை வேண்டும். குளிரில் செல்பேசி பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். அதை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். பூட்டு உறைந்து திறக்காமல் போகலாம். அப்போது பூட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் உறைந்து இன்னும் இறுகும். சாவியை லைட்டரில் சூடாக்கி நுழைப்பதுதான் வழி.

1967 ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், அதற்கு முன்பே இருந்த மலை விதிகள் நாடு முழுக்கப் பரப்பப்பட்டன. இன்று அங்குள்ள குழந்தைகளுக்குக்கூட அந்த ஒன்பது விதிகளும் தெரியும். 2016இல் திருத்தி எழுதியபோதும் ஒரு விதியின் சாரத்தை யாரும் தொடவில்லை: நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் இல்லை. ரயில் டிக்கெட், விடுப்பு, கூட வந்தவர்களின் ஆசை எல்லாம் முன்னே தள்ளும். அவற்றில் எதற்கும் காற்றின் வேகத்தைக் குறைக்கும் சக்தி கிடையாது.

வந்து சேர்ந்ததும்

குடில் கண்ணில் பட்டதும் வேலை முடிந்ததென்று உட்கார்ந்துவிடத் தோன்றும். உட்காராதீர்கள், உடம்பு ஆறத் தொடங்கிவிடும். ஸ்கீயைப் பனியில் செங்குத்தாக நட்டு வையுங்கள். படுக்கவைத்தால் காலையில் அது எங்கே புதைந்திருக்கிறது என்று தேடவேண்டிவரும். கதவை மூடிய பனியை வாருங்கள். அதோடு, தீ விபத்து நேர்ந்தால் வெளியேறும் ஜன்னலுக்கு முன்னால் உள்ள பனியையும் வாருங்கள். இந்த இரண்டாவது வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளிருந்து அந்த ஜன்னல் திறக்கிறதா என்று ஒருமுறை திறந்தும் பாருங்கள்.

உள்ளேயும் வெளியிலுள்ள அதே குளிர்தான் இருக்கும். மேலங்கியைக் கழற்றாமல் நேரே அடுப்புக்குப் போங்கள். பல நாள் எரியாத அடுப்பின் புகைபோக்கிக்குள் கனத்த குளிர்காற்று அடைத்து நிற்கும். அப்படியே பற்றவைத்தால் புகை அறைக்குள் திரும்பும். முதலில் காற்றுத் திறப்புகளை முழுதாகத் திறந்து, ஒரு தாளைக் கசக்கி, புகைபோக்கியின் வாய்ப்பக்கத்தில் எரியவிடுங்கள். அது மேலே இழுக்கத் தொடங்கியதும் விறகை அடுக்குங்கள். நம் வீட்டு விறகடுப்பில் அடியில் சுள்ளி வைத்துப் பற்றவைப்போம். இங்கே தலைகீழ்: அடியில் இரண்டு பருத்த கட்டை, அதன்மேல் குறுக்காக மெல்லிய கட்டைகள், உச்சியில் சிராய்க் குவியல். தீயை உச்சியில் வையுங்கள். அது மெதுவாகக் கீழே இறங்கும். புகையும் குறைவு, புகைபோக்கியும் சீக்கிரம் சூடேறும். விறகு பெரும்பாலும் பிர்ச் மரமாக இருக்கும். அதன் வெள்ளைப் பட்டையில் எண்ணெய்ப் பசை உண்டு, ஈரமாக இருந்தாலும் பற்றிக்கொள்ளும். கட்டையிலிருந்து தளர்ந்து தொங்கும் பட்டையை உரித்தாலே போதும். உயிருள்ள மரத்தில் கை வைக்காதீர்கள்.

அடுப்பு எரியத் தொடங்கியதும் இரண்டு மூன்று கட்டைக்கு மேல் ஒரே நேரத்தில் போடவேண்டாம். குளிர் தாங்காமல் வாய் நிறையத் திணித்தால் இரும்பு சிவந்துபோகும், புகைபோக்கியில் படிந்த தார் பற்றிக்கொள்ளும். குடில்கள் எரிந்து போனதுண்டு. சுவரும் மெத்தையும் சூட்டை வாங்கிக்கொள்ளப் பல மணி நேரம் ஆகும். அதுவரை பொறுமைதான் மருந்து. இன்னொன்று, இந்த விறகு பக்கத்துக் காட்டில் வெட்டியதல்ல. மரமே வளராத உயரத்துக்கு ஸ்னோமொபைலிலோ ஹெலிகாப்டரிலோ ஏற்றி வந்தது. இரண்டு பேருக்காக எல்லா அறைகளையும் சூடாக்க வேண்டாம். ஒரே அறையில் எல்லோரும் இருங்கள்.

நனைந்த உடைகளை அடுப்புக்கு மேலுள்ள கொடியில் போடலாம். காலணியை மட்டும் அடுப்பை ஒட்டி வைக்காதீர்கள். தோல் வெடிக்கும், பசை விட்டுப்போகும். அடியில் அட்டை பிரிந்த காலணியோடு அடுத்த நாள் இருபது கிலோமீட்டர் போக முடியாது. உள்உறையைக் கழற்றித் தனியே உலர்த்துங்கள்.

வாயிலில் பதிவேடு ஒன்று இருக்கும். அதில் பெயர், எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள் என்று எழுதுங்கள். கட்டணக் கணக்குக்கு மட்டுமல்ல அது. யாராவது காணாமற்போனால் மீட்புக் குழு முதலில் புரட்டுவது இந்தப் பதிவேட்டைத்தான். திட்டம் மாறினால் அதையும் எழுதுங்கள்.

தண்ணீர், சோறு

குழாய் கிடையாது. ஓடையோ ஏரியில் வெட்டிய துளையோ பக்கத்தில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பனியை உருக்கவேண்டும். புதிதாகப் பெய்த பனி பத்து வாளி அள்ளினால் ஒரு வாளித் தண்ணீர் தேறும். அதனால் மேலே உள்ள பஞ்சுப் பனியை விட்டு, கீழே இறுகிய பனியை வெட்டி எடுங்கள். வெறும் பாத்திரத்தில் பனியைப் போட்டு அடுப்பில் வைத்தால் அடி தீயும், தண்ணீர் முழுக்கக் கருகல் வாடை வரும். முதலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பனியைச் சேர்க்கவேண்டும். குளிக்கத் தண்ணீர் இல்லை. அந்தப் பேச்சே வேண்டாம். பனி எடுக்கும் இடம் ஒரு பக்கம், கழிப்பறையும் கழுவின தண்ணீர் கொட்டும் இடமும் மறுபக்கம் என்று எல்லோரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். எச்சில் தண்ணீரை வாசலில் கொட்டினால் பத்து நிமிடத்தில் அது பளிங்குப் படியாகிவிடும், அடுத்து வருபவர் வழுக்கி விழுவார்.

சரக்கறையில் சைவர்களுக்குக் கிடைப்பது குறைவு. ஓட்ஸ், மொறுமொறுப்பான ரை தானிய ரொட்டி, சில சூப்பு வகை, பாஸ்தா, காப்பி, சர்க்கரை என்று சமாளிக்கலாம். குழம்பும் டப்பா உணவும் பெரும்பாலும் இறைச்சி, மீன் சேர்ந்தவை. சரக்கறை காலியாகவும் இருக்கலாம் என்பதால் ஒரு வேளைக்கான சொந்த உணவு எப்போதும் பையில் இருக்கட்டும். 1200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு வேகாமல் எரிவாயுவைக் குடிக்கும். மைசூர்ப் பருப்பு இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். வறுத்த ரவை, அவல், புளிக்காய்ச்சல், நெய் ஆகியவற்றைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டால் எடையும் இல்லை. ஒஸ்லோவிலும் பேர்கனிலும் ஈழத்தமிழர் கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும். நாள் முழுக்க ஸ்கீயில் வந்த உடம்புக்குக் கொழுப்பும் உப்பும் கூடுதலாக வேண்டும். நெய்யில் கஞ்சத்தனம் கூடாது.

குடிலின் எரிவாயு அடுப்பு புரொப்பேனில் எரிவது. அது மைனஸ் 42 வரை ஆவியாகும். நீங்கள் கொண்டுவரும் சிறு உருளையில் வெறும் பியூட்டேன் இருந்தால் உறைநிலைக்குக் கீழே அது எரியாது. கடையில் கேட்டுப் பனிக்கால வகையாக வாங்குங்கள். அறைக்குள் எந்த அடுப்பை எரித்தாலும் காற்றுத் துளையை அடைக்காதீர்கள். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தலைவலியும் குமட்டலும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் களைப்பு என்று நினைக்காமல் உடனே கதவைத் திறந்து வெளியே வாருங்கள்.

இரவு

படுக்கப் போகுமுன் அடுப்பைத் தணியவிடுங்கள். விடியும்வரை கனன்றுகொண்டிருக்கட்டும் என்று நிறைய விறகு போட்டுக் காற்றை அடைப்பது தவறு. அப்படி மூச்சுத் திணறி எரியும் தீயில்தான் விஷவாயுவும் தாரும் உண்டாகின்றன. அறை மெல்லக் குளிரும், போர்வை போதும். வெந்நீர் நிரப்பிய உலோகப் புட்டியை ஒரு காலுறைக்குள் நுழைத்துக் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் இரவு முழுக்க இதமாக இருக்கும், காலையில் உறையாத குடிநீரும் கையில் இருக்கும்.

குடிலின் போர்வையை நேராக உடம்பில் போர்த்தக் கூடாது. அவற்றைத் துவைக்க அங்கே ஆளில்லை. பருத்தித் துணியில் தைத்த மெல்லிய உறை ஒன்றை எல்லோரும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. கடையில் விலை அதிகம். பழைய எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து இரண்டு பக்கம் தைத்தால் வேலை முடிந்தது, தலையணை உறைக்கும் துணி மிஞ்சும்.

கழிப்பறை வெளியே, சில நேரம் ஐம்பதடி தள்ளி இருக்கும். இருக்கையில் தெர்மோகோல் பலகை போட்டிருப்பார்கள். அது உடம்புச் சூட்டை உறிஞ்சாது என்பதால் பயமில்லாமல் உட்காரலாம். காற்று பலமாக இருக்கும் இரவில் கழிப்பறைக்குப் போவதாக இருந்தாலும் முழு உடையும் தலைவிளக்கும் போட்டுக்கொண்டு, ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பனிப்புயலில் வாசலுக்கும் கழிப்பறைக்கும் நடுவிலேயே திசை தப்பலாம்.

காலையில் ஜன்னல் வழியே எதுவும் தெரியவில்லை என்றால் கிளம்பாதீர்கள். ஆளில்லாக் குடிலின் பெரிய வசதியே அதுதான்: இன்னொரு நாள் தங்கினால் கேட்க ஆளில்லை, விறகு இருக்கிறது, பல இடங்களில் சரக்கறையும் இருக்கிறது. நாளைக்கும் சேர்த்துக் கணக்கு எழுதினால் போதும்.

விட்டுப் போகும்போது

கிளம்பும் காலையில் ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். அவசரமாகக் கிளம்பினால் இந்த வேலைகள்தான் முதலில் அடிபடும். சாம்பலில் நெருப்பு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதை மூடியுள்ள இரும்பு வாளியில் மட்டுமே கொட்டவேண்டும். அட்டைப் பெட்டியிலோ பிளாஸ்டிக் பையிலோ கொட்டி மரச்சுவரோரம் வைத்துவிட்டுப் போனால் குடில் சாம்பலாகிவிடும்.

தண்ணீர் வாளிகளையும் கெட்டிலையும் கடைசிச் சொட்டு வரை காலி செய்து கவிழ்த்து வையுங்கள். உறைந்த தண்ணீர் பாத்திரத்தைப் பிளந்துவிடும். எரிவாயுவை அடுப்பில் மட்டுமல்லாமல் உருளையின் தலையிலும் மூடுங்கள். தரையைப் பெருக்கி ஈரத்துணியால் துடையுங்கள். குப்பைக்கு அங்கே வண்டி வராது. காலி டப்பாவும் பிளாஸ்டிக்கும் உங்கள் பையில்தான் ஊர் திரும்பவேண்டும். மீந்த உணவை அடுத்தவருக்கு என்று விட்டுப்போவது தர்மம் போலத் தோன்றும். ஆனால் பிரித்த பொட்டலத்தை எலிதான் தின்னும், எலி வந்த சரக்கறையை யாரும் நம்பமாட்டார்கள். எடுத்துப் போய்விடுங்கள்.

பிறகு விறகு. இதை எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். விறகுக் கொட்டகையில் ரம்பமும் கோடரியும் இருக்கும். நீங்கள் எரித்த அளவுக்கு வெட்டி, பிளந்து, உள்ளே கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியை நிரப்புங்கள். அதோடு இரண்டு கைப்பிடி மெல்லிய சிராய் சீவி வையுங்கள், கொஞ்சம் பிர்ச் பட்டை, மேலே தீப்பெட்டி. விரல் வளையாத ஒருவர் கையுறையைக் கழற்றாமல் பற்றவைக்கும்படி எல்லாம் தயாராக இருக்கவேண்டும். உங்களுக்கு முன் தங்கியவர் இதைச் செய்யாமல் போயிருந்தால், நீங்கள் இரு மடங்கு கவனத்தோடு செய்யுங்கள். வரிசை அறுந்த இடத்தில் யாராவது ஒருவர் மறுபடி முடிச்சுப் போட்டால்தான் அது தொடரும்.

ஷவலை வெளிச்சுவரில் உள்ள ஆணியில், பனி மூடாத உயரத்தில் மாட்டுங்கள். உள்ளே வைத்துப் பூட்டினால், பனி மூடிய கதவுக்கு வெளியே நிற்பவருக்கு அதனால் பயனில்லை. ஜன்னல் பலகைகளைச் சாத்தி, கதவு முழுதாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். விரற்கடை இடைவெளி இருந்தாலும் ஒரே புயலில் நடுவீட்டில் இடுப்பளவு பனி குவிந்துவிடும்.

வழியில் உதவி தேவைப்பட்டால் காவல்துறை எண் 112, மருத்துவ உதவி எண் 113. மலை மீட்பை நடத்துவது காவல்துறை. செஞ்சிலுவைத் தொண்டர்களும் வருவார்கள். மீட்டதற்குக் கட்டணம் கேட்பதில்லை, அதனால் செலவை நினைத்துத் தயங்கவேண்டாம். குடில்கள் இருக்கும் பல பள்ளத்தாக்குகளில் செல்பேசிச் சிக்னல் இல்லை என்பதால், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவியைக் குழுவுக்கு ஒன்றாவது வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஊரில் ஒருவரிடம் உங்கள் பாதையையும் திரும்பும் நாளையும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். ரயிலடிக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் முதல் வேலையாக அவரை அழைத்து, வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். சொல்ல மறந்தால், நீங்கள் ரயிலில் தூங்கிக்கொண்டிருக்கும்போது தொண்டர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பி, இருட்டில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.